ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தவன்

முதலில் குளிர்ந்தவை விரல் நகங்கள்தான். சித்திரை மாதத்து உச்சி வெயிலில், சாமை விதைப்பதற்காகக் காட்டில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கையில் இருந்த கல் சுட்டது. அதைப் பிடித்திருந்த விரல்கள் சில்லிட்டிருந்தன. பார்த்தால் நகமெல்லாம் நாவல்பழம் தின்றவன் நாக்கைப் போல நீலம். கொஞ்ச நேரத்தில் தாடை தானாக அடித்துக்கொள்ளத் தொடங்கியது.

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று நினைவில்லை. என் மனைவி பாவாயி வீட்டில் இருந்த கம்பளி, சாக்கு, தன் சேலை எல்லாவற்றையும் என்மேல் போட்டு, அதற்கும் மேலே அவளே படுத்து அழுத்திப் பிடித்தாளாம். நடுக்கம் போனதும் கொதிக்கிற சூடு. சூடு போனதும் வேர்வை. வேர்வை வடிந்ததும் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டேன். மறுநாள் ஒன்றும் நடக்காதவன் போலக் காட்டுக்குப் போனேன். அதற்கு மறுநாள், அதே உச்சி வேளையில், நகம் மறுபடியும் குளிர்ந்தது.

பர்மாப் பக்கம் போய்த் திரும்பியவர்கள் எத்தனையோ பேர் இப்படி ஏதோ ஒரு வீட்டு மூலையில் நடுங்கிக்கொண்டிருக்கலாம். அவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும்தான் இதை எழுதுகிறேன். நான் படித்தவனல்ல. பட்டாளத்து ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த ஒருவர் பொழுது போகாமல் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். அதனால் பெரிய வார்த்தைகள் வராது. பயந்ததை மறைக்காமல் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

நான் துப்பாக்கி பிடித்தவனும் அல்ல. ஸ்ட்ரெச்சர் (அடிபட்டவர்களைப் படுக்க வைத்துச் சுமக்கும் துணிக்கட்டில்) தூக்கினேன். பின்பக்கக் கம்பு எனக்கு, முன்பக்கக் கம்பு குலாப் என்கிற வடக்கத்திக்காரனுக்கு. இரண்டு வருஷம் அவன் முதுகைப் பார்த்தே நடந்தேன். அவன் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவனுக்குத் தெரியாது. பட்டாளத்து இந்துஸ்தானியில் இருபது முப்பது வார்த்தைகளை வைத்துக்கொண்டு சண்டைகூடப் போட்டோம். உட்டாவ் என்றால் தூக்கு. ஜல்தி என்றால் சீக்கிரம்.

குலாப் குண்டு பட்டுச் சாகவில்லை. காய்ச்சல் மூளைக்கு ஏறி இரண்டே நாளில் போய்விட்டான். அவனை நாங்கள் தூக்கிய அதே ஸ்ட்ரெச்சரில் போட்டுக் கீழே கொண்டுபோனோம். அன்று முன்பக்கம் பிடித்தது நான். அதனால் எந்த இடத்தில் அவன் உயிர் போனது என்று எனக்குத் தெரியாது. இறக்கி வைத்துத் திரும்பிப் பார்த்தபோது முடிந்திருந்தது.

எங்களுக்கெல்லாம் தினமும் மெப்பாக்ரின் (காய்ச்சலை உடம்புக்குள் அடக்கி வைக்கும் மஞ்சள் மாத்திரை) கொடுப்பார்கள். தின்னத் தின்ன உடம்பே மஞ்சளாகிவிடும். சண்டை முடிந்து அனுப்பியபோது ஒரு டப்பா கொடுத்து, விடாமல் போட்டுக்கொள் என்றார்கள். காளப்பநாயக்கன்பட்டியில் இறங்கி எங்கள் கொல்லிமலைப் பாதையில் கால் வைத்தேன். எதிரே வந்த ஒரு பெண்பிள்ளை, "ஏனுங்க, காமாலைங்களா? கீழாநெல்லி அரைச்சுக் குடிங்க" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இத்தனை தூரம் தப்பி வந்தவன் நோயாளி முகத்தோடா ஊருக்குள் போவது? டப்பாவை அப்படியே பள்ளத்தில் வீசினேன். நான் செய்த முதல் முட்டாள்தனம் அது. உங்களிடம் டப்பா இருந்தால் வீசாதீர்கள்.

ஊரில் மூன்று நாள் எனக்கு ராஜமரியாதை. எடப்புளி நாட்டில் (மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு) எங்கள் பக்கத்து வீடுகளிலிருந்து பட்டாளம் போனவன் நான் ஒருவன்தான். கப்பலைப் பற்றிக் கேட்டார்கள், ஜப்பான்காரனைப் பற்றிக் கேட்டார்கள். நான்காம் நாள் அவரவர் காட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். என் மகள் அரப்பாயி மட்டும் கிட்டே வரவில்லை. நான் போனபோது அவள் வயிற்றில் இருந்தாள். இப்போது மூன்று வயது முடிந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் நின்று என் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

ஒரு மாதம் கழித்துத்தான் நான் முதலில் சொன்ன அந்தக் காய்ச்சல் வந்தது. நான்காவது முறை வந்தபோது சூட்டில் புத்தி பிசகியது. தெளிந்து கண் திறந்தால் வீட்டுக்குள் பத்துப் பேர். பாவாயி சுவரோடு ஒட்டி நின்றாள்.

"என்ன பேசினேன்?" என்று கேட்டேன்.

"நீங்க பேசலீங்க" என்றாள். "வேற யாரோ பேசினாங்க."

நான் இந்துஸ்தானியில் கத்தியிருக்கிறேன். தூக்கு, சீக்கிரம் தூக்கு, குலாப், குலாப் என்று. எங்கள் மலையில் அந்தப் பாஷையை அதுவரை யாரும் காதால் கேட்டதில்லை. அது நான் கற்றுக்கொண்ட பாஷை என்று எத்தனை முறை சொல்லியும் நம்பவில்லை. நம்பாததில் தப்பும் இல்லை. தெளிந்திருக்கும்போது நான் அதை ஒரு நாளும் பேசிக் காட்டியதில்லையே.

அடுத்த முறைக்குப் பூசாரியை அழைத்து வந்தார்கள். உச்சி வேளைக்கு வருகிற விருந்தாளிக்குக் காத்திருப்பது போல ஊரே வாசலில் காத்திருந்தது. யாரடா நீ, எந்த ஊர் என்று பூசாரி கேட்க, நான் குலாப் என்று கத்தியிருக்கிறேன். பேர் தெரிந்துவிட்டதில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. சண்டைக்குப் போய் வந்த என்னை மூன்று நாளில் மறந்தவர்கள், பார்த்தே இராத குலாப்பைப் பற்றிக் காடு மேடெல்லாம் பேசினார்கள்.

பூசாரி நல்ல மனுஷர். வேர்வையைத் துடைத்துவிட்டு என்னிடமே சொன்னார். "கண்ணு, வந்தவன் தூர தேசத்தான். போற வழி தெரியாம உங்கூடவே வந்துட்டான். அமாவாசையில ஒரு கல்லு நட்டு உக்கார வெச்சா அடங்கிருவான். அது வரைக்கும் நீ ஊரெல்லையத் தாண்டாதே. கொழந்தையக் கிட்ட உடாதே."

அன்றைக்கே அரப்பாயியைப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மச்சான் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள் பாவாயி. நான் கோபப்பட்டேன். அவள் அழுதுகொண்டே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"உங்களை யாருன்னு எனக்குத் தெரியுமுங்க. உச்சியில வாரது யாருன்னு தெரியலீங்களே."

அமாவாசைக்கு இன்னும் பதினாறு நாள். இடது விலாவுக்குக் கீழே ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. படியேறினால் கண் இருட்டியது. குலாப்புக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அடுத்த முறை மூளைக்கு ஏறிவிட்டால்? மகள் என்னைத் தொடாமலே நான் போய்விட்டால்? காய்ச்சல் இல்லாத நாளில்தான் பயம் அதிகம். வருகிற நாளில் பயப்பட நேரம் இருக்காது.

இன்னொரு பயமும் இருந்தது. அதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. இது வெறும் காய்ச்சல் என்று ஊரோடு சண்டை போட்டேனே தவிர, தனியாக இருக்கும்போது என் முன்னால் யாருடைய முதுகாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

கடைசியில் ஒன்றைக் கவனித்தேன். இந்தக் காய்ச்சல் முறை தவறாது. வந்த மறுநாள் வராது. அந்த ஒரு நாளுக்குள் மலையிறங்கிச் சேந்தமங்கலம் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். வராத நாள் ஒன்றில் விடிந்ததும் கம்பை ஊன்றிக்கொண்டு கிளம்பினேன். பாவாயி தடுக்கவில்லை. களி உருண்டையை இலையில் கட்டிக் கொடுத்து எல்லைவரை வந்தாள். அதைத் தாண்டி ஒரு அடி வைக்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

டாக்டர் வயசானவர். என் விலாவுக்குக் கீழே விரலால் அழுத்தினார். உயிர் போகிற வலி.

"மண்ணீரல் (ரத்தத்தைச் சுத்தம் பண்ணும் உறுப்பு) வீங்கியிருக்கு. மலேரியாதான். பட்டாளமா?"

"ஆமாங்க."

"மஞ்ச மாத்திரை குடுத்திருப்பாங்களே?"

"எறிஞ்சுட்டேனுங்க."

"எதுக்கு?"

"மஞ்சளா ஊருக்குப் போகப் பிடிக்கலீங்க."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்துக் கொயினா (மரப்பட்டையிலிருந்து எடுக்கும் கசப்பு மருந்து) கொடுத்தார். கசப்பு என்றால் வேப்பங்காயெல்லாம் கிட்டே நிற்காது. காதுக்குள் நாள் முழுக்க ஒரு வண்டு இரைந்துகொண்டே இருந்தது. அது மருந்தின் குணம், பயப்பட வேண்டாம். இரண்டு முறைக்குப் பிறகு உச்சி வேளை சும்மா வந்து சும்மா போனது. அன்று நான் அழுதேன்.

பத்தாம் நாள் கிளம்பும்போது, "இனி வராதுங்களா?" என்று கேட்டேன்.

"வரலாம். உடம்புக்குள்ள எங்கயோ பதுங்கிக்குது. எங்கேன்னு எங்களுக்கே தெரியாது. வந்தா அன்னிக்கே இறங்கி வந்துடு." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார். "வீட்ல கொழந்தை உண்டா? உன்னைக் கடிச்ச கொசு அதைக் கடிச்சா அதுக்கும் வரும். கொஞ்ச நாளைக்குப் பக்கத்துல படுக்க வைக்காதே. சாயங்காலமானாப் புகை போடு."

பூசாரி சொன்னதையே டாக்டரும் சொன்னதில் எனக்குத் தலை சுற்றியது. என்னிடமிருந்து என் மகளுக்கு ஒன்று போகும் என்பதில் இரண்டு பேருக்கும் கருத்து வேற்றுமையே இல்லை.

ஊர் திரும்பினால் கல் நட்டிருந்தார்கள். நான் வரும்வரை காத்திருக்கவில்லை. பலா மரத்தடியில் முழங்கால் உயரக் கல், மஞ்சள் பூசி, சேவல் அறுத்த ரத்தம் காய்ந்து கிடந்தது. குலாப்பின் அம்மாவுக்கு அவன் எங்கே செத்தான் என்பதுகூடத் தெரிந்திருக்காது. இங்கே கொல்லிமலையில் அவனுக்குச் சேவல் அறுக்கிறார்கள். சிரிப்பும் வந்தது, துக்கமும் வந்தது. கல்லால்தான் அடங்கியது என்று ஊர் சொல்ல, கொயினாவால் என்று நான் சொல்ல, யாரும் யாரையும் ஜெயிக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கல்லைத் தொட்டுவிட்டுத்தான் போவேன்.

இரண்டு மாதம் காய்ச்சல் இல்லை. பிள்ளையைக் கூட்டி வா என்று பாவாயியை நச்சரித்தேன். இன்னும் கொஞ்ச நாள் போகட்டுங்க என்றாள். நான் கேட்கவில்லை. மச்சான் வீட்டுக்குப் போய் நானே தூக்கி வந்தேன். முதலில் திமிறினாள். ஒரு வாரத்தில் என் பூட்ஸுக்குள் காலை விட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றினாள். சாயங்காலம் புகை போடுவேன். ஆனால் தூங்கும்போது என் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்வாள், எனக்கு விலக்க மனம் வராது. இது என் இரண்டாவது முட்டாள்தனம். முதலாவதைவிடப் பெரியது.

ஆடி மாதம், சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள், பாவாயி வெளியிலிருந்து கூப்பிட்டாள். அரப்பாயி வாசலில் உட்கார்ந்திருந்தாள். பல் கிடுகிடுவென்று அடித்தது.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். பட்டாளத்தில் குண்டு விழுந்தபோதுகூட அப்படி நின்றதில்லை. மச்சான் ஓடி வந்தார். "பூசாரியக் கூட்டியாரட்டுங்களா?" என்றார். பாவாயி பிள்ளையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டே, "கேக்கறதையெல்லாம் கீழ ஆஸ்பத்திரியில போயி கேட்டுக்கறேன், அண்ணா" என்றாள். என்னைப் பார்த்து, "நடங்க" என்றாள்.

பிள்ளையை நான் தோளில் சாய்த்துக்கொண்டேன். பாவாயி முன்னால் நடந்தாள். எல்லையை அவள் நின்று பார்க்கவே இல்லை, தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள். பாதை வழுக்கியது. பாதி மலை இறங்குவதற்குள் நடுக்கம் நின்று சூடு ஏறிவிட்டது. என் கழுத்தில் அவள் மூச்சு நெருப்பாகப் பட்டது. ஏதோ முனக ஆரம்பித்தாள்.

நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. அவள் வாய்க்குப் பக்கத்தில் என் காதைக் கொண்டுபோய் வைத்தேன். மகள் என்ன கேட்கிறாள் என்பதற்காக அல்ல. எந்தப் பாஷையில் முனகுகிறாள் என்று கேட்பதற்காக. பூசாரியோடும் ஊரோடும் சண்டை போட்டவன், கொயினாவைப் புகழ்ந்தவன், உட்டாவ் என்று அந்தச் சின்ன வாயிலிருந்து வந்துவிடுமோ என்று உடம்பெல்லாம் காதாகக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அவள் கண்ணைத் திறக்காமலே என் முகத்தைத் தள்ளினாள். "மூஞ்சிய எடு. தாடி குத்துது" என்றாள்.

பிள்ளையோடு பாதையோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். பாவாயி நின்றுவிட்டாள். நான் எதைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் திரும்பவில்லை.

"நானுந்தான் கேட்டுக்கிட்டே வாரேனுங்க" என்றாள்.

டாக்டர் குழந்தைக்கும் கொயினா கொடுத்தார். என்னிடமிருந்து வந்ததா, மலையிலேயே இருந்ததா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். எட்டு நாளில் அவள் கஞ்சிக்கு அடம் பிடித்தாள். இப்போது கார்த்திகை. எங்கள் இரண்டு பேருக்கும் மறுபடி வரவில்லை. வரலாம்.

முன்பெல்லாம் பகல் என்பது எனக்கு ஒரே நீளம். இப்போது அதன் நடுவில் ஒரு மேடு இருக்கிறது, தினமும் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. உச்சி வேளை நெருங்கினால் நானும் பாவாயியும் எந்தக் காட்டில் இருந்தாலும் வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். ஏன் வந்தாய் என்று ஒருவரையொருவர் கேட்பதில்லை. அரப்பாயி மட்டும் கோழியைப் பற்றி, மாமன் வீட்டு நாயைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருப்பாள். வாயை மூடு என்று எந்தத் தகப்பனும் சொல்லியிருப்பான். நாங்கள் சொல்வதில்லை. வெயில் சாயும்வரை அவள் பேசட்டும் என்று உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம்.