ஞாயிற்றுக்கிழமை மீன்

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. இருதயத்தில் ஓட்டை. காப்பீட்டு அட்டை பாதிச் செலவுக்குக்கூடக் காணாது என்று திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மீதியை மாதக் கடைசிக்குள் கட்டினால்தான் ஆபரேஷன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. பிள்ளைகளின் வைத்தியத்துக்கு மட்டும் ஊர்க் கமிட்டி ஒரு ஞாயிறைத் திறந்துவிடும். அன்று விழும் மீன் முழுதும் அந்தப் பிள்ளைக்கு. என் மகளுக்கும் ஒன்று தந்தார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். என் பெண்டாட்டியின் அண்ணன் எங்களிடம் கேட்காமல் புதுக்கடை சந்திப்பில் உதவி கேட்டுப் பெரிய பிளக்ஸ் வைத்தான். சட்டையில்லாமல், நெஞ்சில் ஒயர் ஒட்டிய என் மகள். பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் கேட்டாள்: "அப்பா, நான் சாவப் போறேனா? எல்லாரும் சொல்லுதாவ."

துடுப்பை எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடினேன். வலை பார்த்துக்கொண்டிருந்த மச்சானை முதுகில் அடித்தேன். திரும்பித் தடுத்தான். அவன் வலது கை முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அப்புறமும் அடித்தேன், ரத்தம் வரும்வரை. நாலு பேர் என்னை மணலில் தள்ளி மிதித்தார்கள்.

கரையில் ரத்தம் வர அடித்தவனுக்கு ஊர்ப் பங்கு கிடையாது, ஞாயிறு மீனும் கிடையாது. அது எனக்குத் தெரியும். அடிக்கும்போது நினைவில்லை. மறுநாள் கமிட்டி கூடியது.

"ஒரு கையால அடிச்சிட்டு மறு கைய நீட்டுகானாம்," என்றான் ஒருவன். சிரித்தார்கள்.

"இவனுக்க வீட்டுக்கு ஞாயிறு கிடையாது," என்றார் தலைவர்.

பெண்டாட்டி என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "பிள்ளையக் கொன்னு போட்டியளே!"

அவள் அண்ணன் மாவுக்கட்டோடு எழுந்தான். "ஏலே, இஞ்ச வா."

போனேன். இடது கையால் அறைந்தான். காது அடைத்தது. இன்னொன்று. உதடு கிழிந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

"இதோட எனக்கும் இவனுக்கும் தீந்து," என்றான் கமிட்டியிடம். "ஞாயிறத் தொறங்க. எனக்க தங்கச்சிக்க பிள்ளையாக்கும்."

"அந்தப் பிளக்ஸ எடு," என்றேன், ரத்தத்தைத் துப்பிவிட்டு.

"நீயே போயிக் கிழிலே, நாயே. அதப் போன்ல பாத்துதான் துபாய்ல இருந்து பைசா வருது."

ஞாயிறு வள்ளங்கள் போயின. மீன் விழுந்தது. பத்தவில்லை. பிளக்ஸைப் பார்த்து வந்த பணமும் சேர்ந்தபோதுதான் கட்ட முடிந்தது. கிழிக்கப் போன நான் இரண்டு முறை அதன் அடியில் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

ஆபரேஷனுக்குப் போன கார் அந்தச் சந்திப்பு வழியாகத்தான் போனது. மகளின் கண்ணைப் பொத்தினேன். திமிறினாள். என் விரலைக் கடித்தாள். சந்திப்பு தாண்டும்வரை கையை எடுக்கவில்லை.