மூன்று லாரிக்கு ஒரு கதவு

ஹால்ம்ஸ்டாட் நகரில் எங்கள் லாரிக் கம்பெனியில் கதவுகளை வடிவமைத்தவள் குன்வோர் ஹெட்லிண்ட். சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று லாரிக்கும் ஒரே கதவு போதும் என்று அவள் சொன்னபோது கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். காபி ஆறுவதற்குள் ஒவ்வொருவராக அவள் மேசைக்கு வந்து, எங்கள் லாரிக்கு மட்டும் ஜன்னல் கொஞ்சம் இறங்கட்டும், கைப்பிடி வேறாக இருக்கட்டும் என்றார்கள். அவள் மசியவில்லை.

பெரிய லாரிக்குப் பொறுப்பான ஸ்தெல்லன்தான் விடாமல் நச்சரித்தான். “பெரிய வண்டி வாங்குறவன் சின்ன வண்டிக் கதவத் தொறந்தா ஏறணும்? கோட்டு போட்டவனுக்கு ரப்பர் செருப்பு மாட்டுன மாதிரி இருக்கு.”

“அவன் ரோட்டப் பாத்து ஓட்டுவானா, கதவப் பாத்தா?” என்றாள் குன்வோர்.

முதல் குளிர்காலத்தில் கதவுப் பூட்டு உறைந்துபோனது. கதவு ஒன்று என்பதால் மூன்று லாரிகளும் மாட்டிக்கொண்டன. பூட்டில் தண்ணீர் வடிய ஒரு துளை போட்டதும் மூன்றும் ஒரேயடியாகச் சரியாயின. ஆனால் ஒரே துளையில் சரியானதைப் பற்றி யாரும் பேசவில்லை; மூன்றும் மாட்டிக்கொண்டதையே பேசினார்கள். இனி லாரிக்கு லாரி தனிக் கதவு என்று முடிவானது. மூன்றையும் வரையும் வேலை அவள் தலையிலேயே விழுந்தது.

அன்று காபியோடு வந்த இலவங்கப்பட்டை ரொட்டியை அவள் தொடவே இல்லை. “கட்டுனவ கையாலேயே இடிக்கச் சொல்றாங்க” என்றாள், பக்கத்து மேசையில் இருந்த என்னிடம். வேலையை விட்டுவிடப்போகிறாள் என்றே நினைத்தேன். விடவில்லை. ஜன்னல், கைப்பிடி, வளைவு என்று கேட்டதையெல்லாம் கேட்டபடி கொடுத்தாள். கீல் மாட்டும் துளைகளை மட்டும் மூன்று கதவிலும் ஒரே இடத்தில் வைத்தாள். எந்த லாரியின் கீலும் பெரிய கதவின் கனத்தைத் தாங்கும்படி பார்த்துக்கொண்டாள். வரைபடத்தில் எல்லாம் இருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை.

மறு வருஷம், பெரிய லாரிக்குக் கீல் செய்து தந்த பட்டறை தீப்பிடித்து எரிந்தது. வண்டிகள் கதவில்லாமல் வரிசையில் நின்றன. ஸ்தெல்லன் அவளிடம் ஓடி வந்தான்.

“சின்ன லாரிக் கீல் இதுக்குச் சேருமா?”

“சேரும்.”

“ஒண்ணும் மாத்தாமலா?”

“ஒண்ணும் மாத்த வேணாம். மாட்டுனா போதும்.”

வேலை தொடர்ந்தது. அடுத்த கூட்டத்தில் ஸ்தெல்லன், நல்லவேளை, அதிர்ஷ்டம் நம் பக்கம் இருந்தது என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

“அதிர்ஷ்டம் இல்ல, ஸ்தெல்லன்” என்றாள் குன்வோர். “நீங்க வேணாம்னு தள்ளுனத நான் உள்ள வச்சிருந்தேன்.”

ஸ்தெல்லன் அடுத்த தாளைப் புரட்டி, பெரிய லாரியின் பக்கவாட்டுக் கண்ணாடி மற்றவற்றைப் போல இருக்கக்கூடாது என்று ஆரம்பித்தான்.