நாலு மணி நேரந்தான் பாய்

அப்போதெல்லாம் என் விரல்நுனி எப்போதும் சிவப்பாக இருக்கும். மருதாணி இல்லை... விமான டிக்கெட்டில் ஒட்டியிருக்கும் கார்பன் மை. சோப்புப் போட்டாலும் போகாது. சோறு பிசையும்போது அந்த வாசனையும் சேர்ந்தே வரும்.

மலேசியாவில், சிங்கப்பூரை ஒட்டிய ஜோகூர் பாருவில் ஒரு சின்ன டிராவல் ஏஜென்சி. உள்ளே தள்ளியிருக்கும் ரெங்கம் என்ற சிற்றூரிலிருந்து வந்து கவுண்டரில் உட்கார்ந்த புதிது. எந்த ஏர்போர்ட்டிலிருந்து எந்த ஏர்போர்ட்டுக்கு எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்... எல்லாம் மனப்பாடம். யாராவது கேட்டால் புத்தகத்தைத் திறக்காமலே சொல்லுவேன். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒரு நாள் காலை, கதவைத் திறந்த கையோடு, பக்கத்துச் சாப்பாட்டுக் கடை பாய் வந்து நின்றார். ராமநாதபுரம் பக்கம் கடலோர ஊர் அவருக்கு. விடியற்காலையில் அவருடைய அப்பா மௌத்தாகிவிட்டார். அன்றைக்கே அடக்கம்.

சிங்கப்பூரிலிருந்து மதியம் திருச்சிக்கு ஒரு சீட் கிடைத்தது.

“எவ்ளோ நேரம் தங்கச்சி?”

“நாலு மணி நேரந்தான் பாய். மூவாயிரம் கிலோமீட்டர்கூட இல்ல.”

எங்கள் ஃபோனிலேயே ஊருக்குப் பேசினார். “நாலு மணி நேரந்தானாம். சாயங்காலம் அசர் தொழுகைக்குள்ள வந்துருவேன். அதுவரைக்கும் அத்தாவ எடுத்துறாதீங்க.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிங்கப்பூருக்குப் போகிற பாலத்து ஜாம் இருக்கிறது, செக்-இன் இருக்கிறது, திருச்சியில் இறங்கி காரில் இன்னும் நாலு மணி நேரம் இருக்கிறது... நான் எதையுமே சேர்த்துச் சொல்லவில்லை. ஆனால் ஃபோனை வைத்தபோதுதான் அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. அதைக் கெடுக்க வாய் வரவில்லை. பயந்துவிட்டேன் என்பதுதான் உண்மை.

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தார். அசர் போய், பொழுதடைந்து மஃரிபும் போய், அதற்கு மேல் வைக்க முடியாமல் அடக்கம் செய்துவிட்டார்களாம். இவர் போய்ச் சேர்ந்தது அதற்கு ஒரு மணி நேரம் பின்னால்.

மன்னிப்புக் கேட்டேன்.

“உன் மேல தப்பு இல்லம்மா. நான் ஃப்ளைட்டுக்குக் கேட்டேன், நீ ஃப்ளைட்டுக்குச் சொன்ன. ஆனா தெரிஞ்சிருந்தா வெச்சிருக்கச் சொல்லியிருக்க மாட்டேன். அந்த வெயில்ல அத்தாவ சும்மா காக்க வெச்சிட்டேன்.”

திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

அதற்குப் பிறகு யார் கேட்டாலும், வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல்வரைக்கும் சேர்த்துத்தான் சொன்னேன். “அலமாக், அவ்ளோ நேரமா?” என்று வாயைப் பிளந்து வேறு ஏஜென்சிக்குப் போனவர்களும் உண்டு.

இப்போது அந்த ஏஜென்சியே இல்லை. தூரம், நேரம், டிக்கெட் எல்லாம் ஃபோனில் ஒரு தட்டு தட்டினால் வந்து விழுகிறது. எனக்குத்தான் எல்லாம் அலுத்துவிட்டது. இங்கே பக்கத்திலிருக்கும் செனாய் ஏர்போர்ட் வரைக்கும் போய் வரவே முட்டி ஒத்துழைப்பதில்லை.

மகள் மெல்பர்னில் இருக்கிறாள். “எட்டு மணி நேரந்தாம்மா, கூப்ட்டா வந்துருவேன்” என்பாள்.

போன வாரம் கேட்டேன். “உன் வீட்டுலேர்ந்து கெளம்பி நம்ம வீட்டுக்குள்ள வர எவ்ளோ நேரம் ஆவும்?”

ஒவ்வொன்றாகக் கூட்டினாள்... “ஒரு நாள் ஆயிரும்மா. ஏன் கேக்குறீங்க?”

“சும்மாதான்.”

என்னோடு இருக்கும் மகனிடம் மட்டும் சொல்லிவைத்தேன். “எனக்கு ஒண்ணுன்னா, எட்டு மணி நேரத்துல வந்துருவேன்னு அக்கா சொல்லுவா. அத நம்பி என்னப் போட்டு வெச்சிருக்காதீங்க.”

சொல்லிவிட்டேன்... ஆனாலும், அவள் வருகிற வரைக்கும் என்னை வைத்திருக்க மாட்டார்களா என்றுதான் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.