பாவம் பார்த்த காசு

அந்த ஆஸ்பத்திரியில் போய் அவளுடைய உண்மைப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனவர்களைக் கம்பியைப் பிடித்து நடக்கவைக்கும் பிசியோதெரபி பிரிவில் வேலை. நாள் முழுக்க "மெதுவா, மெதுவா" என்று சொல்லிச் சொல்லி மெதுவாக்கா ஆகிவிட்டாள். ஆள் என்னவோ மெதுவே கிடையாது. படியில் இறங்கினால் பாதிப் படி காலிலேயே படாது.

அவளுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. ஆஸ்பத்திரியின் வழவழத் தரையில் ஜோராக நடக்கிறவர், வீட்டுக்குப் போனதும் கட்டிலோடு ஒட்டிக்கொள்கிறார். ஏன்? வீட்டில் வாசற்படி தடுக்கும், குளியலறை வழுக்கும், போதாக்குறைக்கு "விழுந்து தொலைச்சுடாதீங்க, உக்காருங்க" என்று அதட்ட ஆள் இருக்கும். அதனால் பயிற்சியை வீட்டுக்கே கொண்டுபோக வேண்டும் என்பாள். வேலை முடிந்து திரும்பும் வழியில் ஓரிரு வீட்டுக்கு அவளாகவே போய்க்கொண்டும் இருந்தாள்.

"ஊர்ல எல்லார் வீட்டுக் கதவும் உனக்குத் தெரியுது. நம்ம வீட்டுக் கதவுதான் மறந்துபோச்சு" என்பான் கணவன். பஸ் டிப்போவில் மெக்கானிக். சாப்பாட்டைச் சூடு பண்ணி அவள் முன்னால் வைத்துவிட்டுத்தான் இதையும் சொல்வான்.

ஒருநாள் பெரிய டாக்டரிடம் போய், இந்த வேலைக்கு ஒரு வண்டியும் கூட ஓர் ஆளும் வேண்டும் என்று நின்றாள்.

"நல்லா இருக்குன்னு நீ சொல்ற. காக்காய்க்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான். முறையா ஆய்வு பண்ணிக் காட்டு. அதுவரைக்கும் வண்டி தர்றேன். பலன் இருந்தா நிரந்தரமா ஓடட்டும். இல்லேன்னா மூட்டை கட்டிடு."

இதுதானே, காட்டிவிட்டால் போச்சு என்று ஆழம் தெரியாமல் காலை விட்டாள். ஆய்வை எப்படித் திட்டமிடுவது என்று சொல்லித்தரும் மாலை வகுப்பில் சேர்ந்தாள். சொல்லித்தந்தவள் அவளைவிடப் பதினைந்து வயது சின்னவள். எல்லாருக்கும் கணக்கு டீச்சர். உன் ஆய்வின் கேள்வியை எழுது என்றதும் மெதுவாக்கா பெருமையாக எழுதிக் கொடுத்தாள்: 'வீட்டுப் பயிற்சி எவ்வளவு நல்லது?'

"தீர்ப்பை எழுதி வச்சுட்டு விசாரணைக்குக் கூப்பிடறீங்களேக்கா" என்றாள் டீச்சர். "நல்லதா இல்லையான்னுதானே கேக்கணும்?"

"நல்லதுதான் டீச்சர். நான் கண்ணால பாத்திருக்கேன்."

"யாரைப் பாத்தீங்க? வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிட்டவங்களை. அக்கறையான வீடா இருந்துதானே கூப்பிட்டாங்க? அவங்க நீங்க போகாட்டாலும் எழுந்து நடந்திருப்பாங்களோ என்னவோ."

மெதுவாக்காவுக்குச் சுருக்கென்றது. வாதாடிப் பார்த்தாள், வாய்தான் வலித்தது. கடைசியில் வழி இதுதான் என்று முடிவானது. சம்மதிக்கிற நோயாளிகளை இரண்டு கூட்டமாகப் பிரிப்பது. ஆஸ்பத்திரிப் பயிற்சி எல்லாருக்கும் உண்டு. ஒரு கூட்டத்துக்கு மட்டும் கூடுதலாக வீட்டுப் பயிற்சி. யார் எந்தக் கூட்டம் என்பதை அவளும் முடிவு செய்யக்கூடாது, டாக்டரும் முடிவு செய்யக்கூடாது. காசைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் வீட்டுக்குப் போவது, பூ விழுந்தால் இல்லை. மூன்று மாதம் கழித்து யார் எவ்வளவு தூரம் தானாக நடக்கிறார்கள் என்று, இந்த விவரம் எதுவும் தெரியாத வேறொருவர் அளப்பார்.

"நம்ம மனசு தங்கமாவே இருக்கட்டும்க்கா. இந்த இடத்துல அதுக்கு வேலை இல்ல" என்று டீச்சர் படித்துப் படித்துச் சொன்னாள். மெதுவாக்காவும் தலையைத் தலையை ஆட்டினாள்.

முதல் சில பேருக்கு ஒழுங்காகத்தான் போனது. பிறகு வந்தார் ஒரு சலூன்காரர். வலது கையும் காலும் சுத்தமாக விழுந்துவிட்டன. கத்தரி பிடித்த கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "தங்கச்சி, இது திரும்ப வருமா?" என்று கேட்டார். வீடு மூன்றாவது மாடி. பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்லை. மெதுவாக்கா அறைக்குப் போய்க் காசைச் சுண்டினாள். பூ.

சரியாகச் சுண்டவில்லை, விரல் வழுக்கிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இன்னொரு தடவை சுண்டினாள். தலை. அப்பாடா!

ஒருமுறை விரல் வழுக்கினால் அப்புறம் வழுக்கிக்கொண்டேதான் இருக்கும். வாய் கோணிப் பேச்சே வராத தையல்காரம்மாவுக்கு வழுக்கியது. மகன் கைவிட்ட தபால்காரருக்கு வழுக்கியது. லேசான வாதம், சிரித்துக்கொண்டே கைத்தடியோடு வருகிறவர்களுக்குப் பூ விழுந்தால் மட்டும், காசு சொன்னால் சொன்னதுதான். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதிரே ஒருவர் கண்கலங்கி உட்கார்ந்திருக்கும்போது காசு பேச்சைக் கேட்க எத்தனை பேருக்கு மனம் வரும், சொல்லுங்கள்.

முடிவு வந்தது. வீட்டில் பயிற்சி பெற்றவர்கள், பெறாதவர்களைவிடக் குறைவாகத்தான் நடந்தார்கள்.

"நல்லவேளை, பெருசா செலவு பண்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுது" என்றார் பெரிய டாக்டர். அடுத்த மாதத்தோடு வண்டி நின்றுவிடும். உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்று ஆகிவிட்டது. சலூன்காரர் இப்போது வாசல்வரை வருகிறார். அதை அவள் கண்ணால் பார்க்கிறாள். முடிவு எழுதிய தாளோ தலைகீழாகப் பேசுகிறது.

கணக்கு டீச்சர்தான் விடாமல் குடைந்தாள். ஆரம்பத்தில் இரண்டு கூட்டமும் எந்த நிலையில் இருந்தன என்று எடுத்துப் பார்த்தவள், மெதுவாக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"அக்கா, முடியாதவங்க அத்தனை பேரும் வீட்டுப் பயிற்சிப் பக்கமே போயிருக்காங்க. காசு எப்படிக்கா இவ்வளவு பாவம் பாத்து விழுந்துச்சு?"

முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பது? மெதுவாக்கா உடைந்து அழுதுவிட்டாள். "மனசு கேக்கல டீச்சர்."

"பாவம் பாத்தீங்க, சரி. இருந்த இடத்துல இருந்து அவங்க எவ்வளவோ நடந்திருக்கலாம். ஆனா இப்ப இதை வச்சு யாரும் எதையும் சொல்ல முடியாது. வண்டி நின்னா இனிமே வரப்போற எல்லாருக்கும்தானே போச்சு? அவங்க பாவம் இல்லையா?" என்றாள் டீச்சர்.

பெரிய டாக்டரிடம் உண்மையைச் சொன்னால் வேலைக்கே உலை வைக்கலாம். சொல்லாவிட்டால் வண்டி போய்விடும். அன்று கணவனிடம் சொன்னாள். "பிரேக் கோளாறுன்னு தெரிஞ்சும் வண்டியை வெளிய அனுப்பினா நான் மெக்கானிக்கா? போய்ச் சொல்லிடு. வர்றது வரட்டும், நான் இருக்கேன்ல" என்றான்.

பெரிய டாக்டர் கத்தின கத்தலில் வராந்தாவில் நர்சுகள் நின்றுவிட்டார்கள். கத்தி முடித்து, தண்ணீர் குடித்து, "மறுபடி முதல்ல இருந்து பண்ணு. இந்தத் தடவை காசு உன் கைக்கே வரக்கூடாது" என்றார். காசு பார்மசிக்காரரிடம் போனது. கீழே மருந்துக் கிடங்கிலேயே இருப்பவர், நோயாளியின் முகத்தையே பார்க்காதவர். போனிலேயே தலையா பூவா என்று சொல்லிவிடுவார்.

இரண்டாம் தடவை ஒரு லாரி டிரைவருக்குப் பூ விழுந்தது. நல்ல வயது. சம்மதித்தபோது தலையாட்டிய மனைவி, இப்போது கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு தடவையாவது வீட்டுக்கு வந்து பாருங்கக்கா. உங்க கால்ல வேணா விழறேன்."

மெதுவாக்கா போகவில்லை. அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு வீடு திரும்பினாள்.

இந்தத் தடவை இரண்டு கூட்டமும் சமமாகத் தொடங்கின. வீட்டுப் பயிற்சி பெற்றவர்கள் அதிக தூரம் நடந்தார்கள். அவள் நினைத்த அளவுக்கு இல்லை; ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நடந்தார்கள். வண்டி நிரந்தரமானது. டீச்சர் கட்டிக்கொண்டாள், பெரிய டாக்டர்கூடச் சிரித்தார். மெதுவாக்கா வண்டியை முதலில் லாரி டிரைவர் வீட்டுக்குத்தான் விடச் சொன்னாள்.

அவர் ஜன்னலோரம் நாற்காலியில் சாய்ந்திருந்தார். இடது கால் முழங்காலில் இறுகிப்போயிருந்தது. மனைவி கதவை முழுதாகத் திறக்கவில்லை.

"வீட்டுப் பயிற்சி நல்லதுன்னு தெரிஞ்சுபோச்சும்மா. இனிமே வாராவாரம் வருவேன்."

"அன்னைக்கே வந்திருந்தா இவரு நடந்திருப்பாரா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆயிரம் சமாதானம் நாக்கு நுனிவரை வந்தது.

"நடந்திருக்கலாம்மா. அன்னைக்கு அது எனக்குத் தெரியாது. தெரியும்னு நெனச்சேன், ஆனா தெரியாது. நான் வராம இவரு உக்காந்திருந்தாரே, அதனாலதான் இன்னைக்குத் தெரியுது."

அந்தப் பெண் திரும்பி ஜன்னலோர நாற்காலியைப் பார்த்தாள். அப்புறம் கதவை விட்டு விலகி, "செருப்பைக் கழட்டிட்டு வாங்க. எந்தப் பக்கம் புடிக்கணும்னு எனக்கும் சொல்லிக்குடுங்க" என்றாள்.