படம் மூன்றில் நிலையம் ஒன்று எங்கே?

ஆய்விதழிலிருந்து கட்டுரை திரும்பி வந்தது. படம் மூன்றின் ஓரத்தில் ஒரு கேள்வி: “நிலையம் 1 எங்கே, 5 எங்கே? கட்டுரையைப் படிக்காதவருக்கும் படம் விளங்க வேண்டும்.” எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கண் இருந்தால் தெரியாதா? வாவியில் தண்ணீர் எடுத்த ஐந்து இடங்களின் உப்பு. தரையிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலத்துக்கு ஒரு கோடு, கடலிலிருந்து வீசும் வாடைக் காலத்துக்கு ஒரு கோடு. இந்தக் கட்டுரை வெளிவந்தால்தான் என் தற்காலிக விரிவுரையாளர் வேலை நிரந்தரமாகும். பத்து நிமிடத்தில் குறிப்பை எழுதி அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

“நிலையம் 1: முகத்துவாரத்துக்கு அருகே” என்று எழுதினேன். வாடைக் கோடு பொருந்தியது. ஒன்றில் உப்பு அதிகம், ஐந்தில் குறைவு. கச்சான் கோடோ தலைகீழ். கடல் வாயில் உப்புக் குறைந்து, வாவியின் உட்தலைப்பில் கூடுமா? அழித்து, “உட்தலைப்புக்கு அருகே” என்று மாற்றினேன். இப்போது வாடைக் கோடு பொய் சொன்னது. காற்று மாறினால் உப்பும் திசை மாறுகிறது என்று மூன்று பக்கம் முழங்கியிருந்தேன். என் கண்டுபிடிப்பே அதுதான். ஒரு வரிக் குறிப்பு மட்டும் எழுத வரவில்லை.

மாதாமாதம் தண்ணீர் எடுத்துத் தந்த பனிச்சங்கேணி மீனவருக்குப் போன் எடுத்தேன்.

“அண்ணன், முதலாம் போத்தல் எங்க எடுத்தீங்க?”

“எந்தக் காத்துக்குப் பிள்ளை?”

“எந்தக் காத்தெண்டாலும் ஒரே இடம்தானே?”

“அதெப்படி? காத்துக்கு எதிரா முதல்ல தோணிய வலிச்சுப் போயிருவன். பிறகு காத்தோட திரும்பி வரக்குள்ள ஒண்டு, ரெண்டு எண்டு எடுப்பன். வாடைக்கு முகத்துவாரத்தில தொடக்கம், கச்சானுக்கு மத்தத் தலைப்பில. எடுக்கிற ஒழுங்கில நம்பர் போடச் சொன்னது நீங்கதானே?”

நான்தான். கச்சான் எண்களைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். இரண்டு கோடுகளும் ஒரே பக்கம் சரிந்தன. கடலுக்குக் கிட்ட உப்பு, தள்ளிப் போனால் குறைவு. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“பிழையாப் போச்சா பிள்ளை?” என்றார் அவர், உண்மையான கவலையோடு.

“உங்கட பிழை இல்ல அண்ணன்.”

“நீங்க பாலத்தடியில போத்தல வாங்கிட்டு பஸ்ஸுக்கு ஓடிருவீங்க. ஒரு நாளாவது தோணியில ஏறியிருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.”

கட்டுரையின் ஆய்வுமுறைப் பகுதியைத் திறந்தேன். “தோணியில் சென்று மாதிரிகளைச் சேகரித்தேன்” என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தேன்.