பங்குப் புத்தகத்தில எங்களுக்கும் ஒரு பக்கம்

செத்தவையைத் தேடிக் குடுக்கிறது என்ர வேலை. அதில எனக்குக் கரைச்சல் தாறது முழுக்க உயிரோட இருக்கிற ஆக்கள்தான்.

ஜேர்மனியில, ஹம் நகரத்தில ஒரு கத்தோலிக்கப் பங்கின்ர அலுவலகத்தில அரைநாள் வேலை செய்யிறன். மண்டபத்துக்குப் பேர் எழுதிறது, ரெலிபோன் எடுக்கிறது, அதோட ஆரும் தங்கட பூட்டன் பூட்டியைத் தேடி வந்தால் பழைய ஞானஸ்நானப் புத்தகங்களைக் கிண்டிக் குடுக்கிறது. குடும்ப மரம் கீறப்போய்த் தலைமயிரைப் பிய்ச்சுக்கொண்டு நிக்கிற சகோதரங்களே, தூசியில தும்மித் தும்மி மூக்குச் சிவந்த சீவன்களே, உங்களுக்குத்தான் இதை எழுதிறன். மற்றவைக்கு இந்தக் கோதாரி விளங்காது.

வந்தான் வரத்தான்

அமெரிக்காவில இருந்து ஒரு பெரியவர் வந்தார். பூட்டன் எங்கட பங்கில ஞானஸ்நானம் எடுத்தவராம். கதவைத் திறந்த என்னைக் கண்டிட்டு, எனக்குப் பின்னால எட்டிப் பாத்தார். "இந்த ஊர் ஆக்கள் ஆரும் இல்லையோ? பழைய எழுத்து வாசிக்கத் தெரிஞ்சவை?" எனக்குச் சுள்ளெண்டு ஏறிச்சுது. முப்பத்தஞ்சு வருசமாய் இந்த ஊரில இருக்கிறன். இஞ்சத்தைப் பிள்ளையளுக்கே தெரியாத அந்தப் பழைய ஜேர்மன் கையெழுத்தைப் பின்னேர வகுப்புக்குப் போய், ரெண்டு குளிர்காலம் குந்தியிருந்து படிச்சனான். எங்கட பாதருக்கே அது வாசிக்க ஏலாது.

புத்தகத்தை விரிச்சு, விரலை வைச்சு வாசிச்சன். பிள்ளையின்ர பேர், தாய், தேப்பன், ஞானத்தாய். தேப்பன் நிலக்கரிச் சுரங்கத்தில வேலை. பிறந்தது போலந்துப் பக்கத்தில ஒரு கிராமம். "உங்கட ஆளும் வந்தான் வரத்தான்தான் ஐயா," எண்டன். மனுசன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கொண்டு, அப்பதான் என்னை வடிவாய்ப் பாத்தார்.

"அப்ப எங்கட பூட்டனும் உங்களை மாதிரித்தானோ?"

மணிக்கு எட்டுப் பக்கம்

கோயில் கட்டி நூற்றிருபத்தஞ்சு வருசம் எண்டு பங்குச் சரித்திரம் ஒண்டு புத்தகமாய்ப் போடத் தொடங்கிச்சினம். அதுக்குப் பொறுப்பு ஹெர் புறொக்மான், இளைப்பாறின சரித்திர வாத்தியார். நல்ல மனுசன். கெட்ட மனுசன் எண்டால் எனக்குச் சண்டை பிடிக்கச் சுகமாயிருந்திருக்கும். எந்த எந்த அத்தியாயம் வரும் எண்டு என்னட்டைக் காட்டினார். போலந்தில இருந்து வந்த சுரங்கத் தொழிலாளியள் பத்துப் பக்கம். சண்டைக் காலம் பன்ரெண்டு. கோபுர மணியளுக்கு எட்டு. இலங்கைத் தமிழர் நாங்கள்? ஒரு படம். பங்குத் திருவிழாவில எங்கட பொம்பிளையள் சீலையோட நிண்டு பொரிச்ச ரோல்ஸ் விக்கினம். கீழ எழுதியிருக்கு: "வண்ணமயமான எங்கள் விருந்தினர்."

விருந்தினரோ! இந்தக் கோயிலுக்குப் பூ வைச்சு, நிலம் துடைச்சு, பாடகர் குழுவில தொண்டை கிழியப் பாடி, பிள்ளையளுக்கு இஞ்சையே முதல் நன்மை குடுத்து, தாய் தேப்பனை இந்த ஊர்ச் சவக்காலையில தாட்ட பிறகும் நாங்கள் விருந்தாளியளோ? "எங்களுக்கு ஒரு அத்தியாயம் வேணும்," எண்டன். அவர் கோவிக்கேல்லை. உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த கிழமை அச்சுக்குப் போகுது, அதுக்கிடையில கொண்டுவந்தால் போடுறன் எண்டார். இல்லாட்டி இன்னும் நூறு வருசத்தில இந்தப் புத்தகத்தை விரிக்கிறவன், நாங்கள் ஒரு நாள் ரோல்ஸ் வித்துப்போட்டுப் போன ஆக்கள் எண்டுதான் நினைப்பான்.

"கதை வேண்டாம், ஆதாரம் கொண்டுவாங்கோ. மணியளுக்கு ஆதாரம் இருக்கு."

எந்தப் பிறந்தநாள்?

வீடு வீடாய்ப் போனன். முதல் சூசை அண்ணை. கம்பித் தொழிற்சாலையில முப்பது வருசம் முறிஞ்சு, இப்ப பென்சனில இருக்கிறார். மூண்டு பெரிய பைலைத் தூக்கி மேசையில போட்டார். விசாக் கடிதம், சம்பளத் துண்டு, வாடகைக் கடிதம், எல்லாம் வரிசையாய்க் கோத்துக் கிடக்கு. கோயில் எண்டு ஒரு துண்டு இல்லை. "அதுக்கு ஆர் தங்கச்சி கடிதம் தந்தது? பூசைக்குப் போறதுக்கும் விசாவோ?" எண்டார். அதுவும் சரிதான்.

சரி, குடும்ப விபரமாவது எடுப்பமெண்டு பிறந்த திகதி கேட்டன். தை முதலாம் திகதி, ஜனவரி ஒண்டு எண்டார். மனுசியும் தை முதலாம் திகதி. மச்சானும் தை முதலாம் திகதி. ஊரில பத்திரம் எல்லாம் எரிஞ்சு போக, வந்த இடத்தில கந்தோர்க்காரர் எழுதிவிட்ட திகதி. எனக்குச் சிரிப்பு வந்துது. இதையெல்லாம் புறொக்மானிட்டைக் கொண்டுபோய்க் காட்டினால் மனுசன் என்ன சொல்லும்? பேனையைப் பிடிச்சுக்கொண்டு முழிச்ச என்னைப் பாத்துச் சூசை அண்ணை பொறுமையாய்க் கேட்டார்.

"உமக்கு எது வேணும்? அகதியெண்டு அசூல் அடிக்கேக்க எழுதினதோ, அம்மா பெத்ததோ?"

மெழுகுதிரிச் சாட்சி

ஆர் முதல் வந்தது எண்டு விசாரிச்சதுதான் நான் விட்ட பெரிய பிழை. ஒவ்வொரு வீட்டிலயும் தாங்கள்தான் முதல். ரெண்டு குடும்பம் இதால இப்ப கதை பேச்சு இல்லை. சமாதானம் மண்ணாங்கட்டி எண்டு களைச்சுப்போய்ச் சிவம் அண்ணையின்ர கடைக்கு மரக்கறி வாங்கப் போனன். அவர் யாழ்ப்பாணத்துச் சைவம். கத்தரிக்காயை நிறுத்துக்கொண்டே, என்னையும் எழுதும் எண்டார்.

"அண்ணை, இது கோயில் புத்தகம், வேதக் கோயில்," எண்டன். அவருக்கு ரோசம் வந்திட்டுது. அந்தக் காலத்தில இந்த ஊரில ஒரு பிள்ளையார் கோயிலும் இல்லையாம். அகதி முகாமில இருந்து பனிக்குள்ள நடந்துவந்து, எங்கட கோயிலுக்குள்ள போய், அசூல் கேஸ் வெல்ல வேணுமெண்டு மாதாவுக்கு முன்னால நிண்டவராம். ஆதாரம் கேட்டன். தராசைத் தட்டினார்.

"நான் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தேக்க உங்கட வேதக்காரர் முகாமில போத்துக்கொண்டு படுத்திருந்தவை. மாதாவையே கேளும்."

பேனையைக் குடுத்த மனுசி

உயிர்த்த ஞாயிறுக்கு ரெண்டு கிழமை கிடக்கு. என்ர கையில கத்தரிக்காய்தான் மிச்சம். கடைசியாய் முதியோர் இல்லத்துக்குப் போனன். எனக்கு முந்தி அலுவலகத்தில இருந்த ஃப்ராவ் டொம்ப்றொவ்ஸ்கி அங்கைதான் இருக்கிறா. தொண்ணூறு தாண்டிட்டுது, காது மந்தம், நாக்கு மட்டும் கத்தி. விசயத்தைக் கத்திச் சொன்னன். அவ சிரிச்சா.

"பூசைக் கொப்பி பாத்தனியோ?" எண்டு கேட்டா. எந்தப் பூசை ஆருக்காக ஒப்புக்குடுக்கிறது எண்டு எழுதிற கொப்பி. எங்கட சனம் ஊரில ஒரு செத்தவீடு எண்டு அறிஞ்சால், போக வழியில்லாமல் நேரை இவவிட்டைத்தான் ஓடினது, ஒரு பூசை குடுக்க. நானும் அந்தக் காலத்தில வேலை வேலையெண்டு திரிஞ்சனான். பூசை குடுக்கிறது அம்மாவின்ர அலுவல். நான் அலுவலகத்துக்கு வரேக்க எல்லாம் கொம்பியூட்டருக்கு மாறிட்டுது. அந்தக் கொப்பியளை நான் திறந்தே பாக்கேல்லை. செத்தவையைத் தேடுற எனக்கு வெக்கமாய்ப் போச்சு.

"உங்கட பேரெல்லாம் நீட்டு நீட்டாய், எனக்கு எழுத வரேல்லை. பேனையை அவையிட்டையே குடுத்திட்டன்."

கிறுக்கல்

கொப்பியள் பூசை உடுப்பு வைக்கிற அறையில, அலுமாரியின்ர அடித்தட்டில கிடந்துது. திறந்தன். ஒரு வரி ஜேர்மன், ஒரு வரி ஜேர்மன், பிறகு தமிழ். வடிவான தமிழ். "என் தகப்பன் அந்தோனியின் ஆன்மா இளைப்பாற." சூசை அண்ணையின்ர கையெழுத்து, திகதியோட. அதுக்கு ஒரு மாதம் முந்தி இன்னொரு வரி, எல்லாத்துக்கும் முதல் எழுதின தமிழ் வரி: "பெரியம்மா நாகம்மாவுக்காக, சிவம்." அட சிவம் அண்ணை! மனுசன் சொன்னது அப்பிடியே உண்மை. பக்கத்துக்குப் பக்கம் எங்கட சனத்தின்ர செத்தவை. இதில கனபேருக்கு மரணப் பத்திரம் இல்லை, கல்லறை இல்லை. உலகத்தில அவைக்குக் கிடக்கிற ஒரே கடதாசி இதுதான்.

மூண்டு கொப்பியைக் காவிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கப் புறொக்மானின்ர வீட்டுக்குப் போய் மேசையில போட்டன். அவர் ஒரு பக்கத்தைத் திருப்பினார். முகம் மெல்லச் சிவந்துது.

"இதை நான் போன வருசமே பாத்தனான். பிள்ளையள் கிறுக்கினது எண்டு நினைச்சிட்டன்."

எழுதினபடி

அடுத்த நாள் காலமை அவரே அலுவலகத்துக்கு வந்தார். நான் வாசிக்க வாசிக்க ஒவ்வொரு பேராய் ஜேர்மன் எழுத்தில எழுதினார். பேர், உறவு, ஊர், திகதி. பிழையாய் எழுதினால் தானே வெட்டித் திரும்ப எழுதினார். நாப்பது பேர் தாண்டியிருப்பம். ஒரு பக்கத்தைத் திருப்பினன். "மகன் சீலன் சுகமாய் வந்து சேர." அம்மாவின்ர எழுத்து. அம்மா பேனையை அழுத்திக் குத்தித்தான் எழுதுவா. பின்பக்கத்தில தடவினால் கைக்குப் பிடிபடும்.

சீலன் என்ர அண்ணன். அம்மாவும் நானும் முதல் வந்திட்டம். அவர் மன்னாரில இருந்து இராமேஸ்வரத்துக்கு வள்ளம் ஏறினவர். வள்ளமும் இல்லை, ஆளும் இல்லை. ஆன்மா இளைப்பாற ஒரு பூசை குடு எண்டு ஊர் முழுக்க அம்மாவுக்குச் சொல்லிச்சுது. நானும் சொன்னனான், என்ர வாய் புழுக்க. "விசர்க்கதை கதையாதை," எண்டு ஒருக்கால் கத்தினா, பிறகு அந்தக் கதையையே விட்டிட்டா எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சிருந்தன். விடேல்லை. மாதத்தில முதல் வெள்ளி, முதல் வெள்ளி, அதே வரி. பதினொரு வருசம். கடைசி வரி அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன மாதம். அதிலயும் ஆன்மா எண்ட சொல்லு இல்லை.

எனக்கு அழுகை வந்துது, அழுதன். புறொக்மான் நான் அழுது முடியுமட்டும் பொறுத்திருந்து, விளங்கப்படுத்தச் சொல்லிக் கேட்டார். பிறகு, வாத்தியார் புத்தி, மெதுவாய்க் கேட்டார்: "இறந்ததுக்கு ஆதாரம்?" இல்லையெண்டன். "உயிரோட இருக்கிறதுக்கு?" கொப்பியைத் தூக்கி அவருக்கு முன்னால அடிச்சன். "இந்தா ஆதாரம்! பதினொரு வருசம், மாதத்துக்கு ஒண்டு! உங்கட மணியளுக்கு இவ்வளவு கிடக்கோ? இவரைச் செத்தவையோட போட்டியள் எண்டால் புத்தகமும் வேண்டாம், ஒரு கோதாரியும் வேண்டாம்!" அவர் செத்தவையின்ர பட்டியலை ஒரு பக்கம் தள்ளி வைச்சார். புதுத் தாள் ஒண்டு எடுத்தார். அதுக்கு மேல "உயிரோடு இருப்பவர்கள்" எண்டு ஜேர்மனில எழுதினார். அதுக்குக் கீழ இடம் விட்டு, பேனையை என்னட்டை நீட்டினார்.

"அம்மா எழுதினபடி நீங்களே எழுதுங்கோ, தமிழில. அப்பிடியே அச்சடிப்பம், மணியளைக் கொஞ்சம் சுருக்கலாம்."

செத்தவையைத் தேடிக் குடுக்கிற வேலையில இவ்வளவு காலம் மாரடிச்சு எனக்கெண்டு நான் தேடிக் கண்டுபிடிச்சது ஒரே ஒரு ஆள், அவரும் அம்மாவின்ர எழுத்துப்படி இன்னும் சாகேல்லை.