தேவசகாயம் பழக்கிய குட்டி

சரக்கு ரயிலில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனாக இருந்த தேவசகாயத்துக்கு 1938-ஆம் வருஷம் ஆடி மாசத்தில் இரண்டு கண்ணும் போயின. பாய்லரில் தண்ணீர் மட்டம் காட்டுகிற கண்ணாடிக் குழாய் வெடித்து, சில்லும் நீராவியும் முகத்தில் அடித்துவிட்டன. அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் விழுப்புரத்தில் இருந்த ரயில்வே வீட்டைக் காலி செய்துகொண்டு, மனைவி செண்பகத்தின் ஊரான திண்டிவனத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். செண்பகம் மண்டியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உரிக்கப் போனாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

காலையில் அவரை வேப்பமரத்தடியில் உட்காரவைத்துவிட்டு அவள் வேலைக்குப் போவாள். வெயில் ஏற ஏற அவர் தரையைத் தடவி நிழல் பக்கமாக நகர்ந்துகொள்வார். கொல்லைப்புறம் போவதற்குக்கூடப் பக்கத்து வீட்டு மாரியப்பனைக் கூப்பிட வேண்டும். மாரியப்பன் முகம் சுளிக்காமல் வருவான். ஆனாலும் கூப்பிட வாய் வராமல் மத்தியானம் வரை அடக்கிக்கொண்டு இருந்த நாட்கள் உண்டு.

மூன்று வருஷம் இப்படியே போனது. ஒருநாள் வீடு சந்திக்க வந்த மாதா கோயில் சாமியார், சீமையில் கண் போன பட்டாளத்துக்காரர்களை நாய் வழி நடத்துகிறது என்று பேச்சுவாக்கில் சொன்னார்.

“அத எப்பிடி சாமி பழக்கறாங்க?”

“அது தெரியலப்பா. பத்திரிகையில படம்தான் பார்த்தேன்.”

அந்த வாரமே செண்பகம் மண்டி நாய் போட்ட குட்டிகளில் ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். சாம்பல் நிறம் என்று சொன்னாள். தேவசகாயம் அதற்கு ‘கார்டு’ என்று பேர் வைத்தார். ரயிலில் கார்டு கொடி காட்டாமல் எந்த வண்டியும் நகராது என்பது அவர் சொன்ன காரணம்.

பழக்குவது எப்படி என்று யாருக்கும் தெரியாததால் தானே யோசித்துச் செய்தார். கேப்பைக் களியை உருட்டிக் குட்டியின் மூக்குக்கு மேலே தூக்கிப் பிடிப்பார். அது தலையை நிமிர்த்தும்போது பின்பக்கம் தானாகத் தாழும். அந்த நேரம் பார்த்து “உக்காரு” என்பார். உட்கார்ந்ததா இல்லையா என்று பார்க்கக் கண் இல்லை. முதுகைத் தடவி, வால் தரையில் பட்டிருந்தால் களியைக் கொடுப்பார். பத்து நாளில் அது படிந்தது. விசில் அடித்தால் ஓடி வருவதும் சீக்கிரம் வந்தது.

நிற்கப் பழக்குவதுதான் முடியவில்லை. “நில்லு” என்று சொல்லிவிட்டுப் பத்தடி நடப்பார். திரும்பி வந்து தடவினால் அந்த இடம் காலியாக இருக்கும். கோபத்தில் ஒருநாள் தடியை ஓங்கினார்.

“அடிக்காதய்யா” என்றாள் செண்பகம். “அது எங்கியும் ஓடல. உன் காலுக்குப் பின்னாலயேதான் சத்தமில்லாம வந்துகினு கீது.”

அவர் தடியைக் கீழே போட்டார்.

கழுத்தில் கயிறு கட்டி முன்னால் நடக்கவிட்டபோது அது மோப்பம் பிடித்த பக்கமெல்லாம் இழுத்தது. இரண்டு முறை சாக்கடையில் விழுந்தார். முழங்காலில் தோல் ஆறாமலே இருந்தது. ஆனாலும் எட்டு மாசத்தில் வீட்டிலிருந்து கோயில் வரைக்கும் கார்டு நேராகப் போகத் தொடங்கியது. தினம் ஒரே வழி, கடைசியில் ஒரு உருண்டை களி. வேறு தெருவுக்கு அது உதவாது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் அந்த மாசம் மூன்றாம் ஞாயிறு மனைவியின் கை இல்லாமல் கோயிலுக்குள் நுழைந்தபோது, சனங்கள் திரும்பிப் பார்த்தார்கள் என்று அவள் சொல்ல, அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அந்த மயக்கத்தில்தான் விழுப்புரத்துக்குப் போகலாம் என்றார். “சண்டைக்காக ரயில்வேயில ஆளுங்கள எடுக்கறாங்களாம். நானா நடந்து போயி என்ஜின் ஷெட்டு கேட்டுல நின்னா, மணி அடிக்கிற வேலையாவது தர மாட்டாங்களா?”

“கூட்டத்துல இது மெரளும்யா.”

“என்னைவுட்டுப் போவாது.”

பழைய சிநேகிதரான ரயில் கார்டு ஒருவர் மூவரையும் கடைசிப் பெட்டியில் ஏற்றிக்கொண்டார். விழுப்புரத்தில் இறங்கியதும் பக்கத்துப் பாதையில் நின்ற என்ஜின் நீராவியைத் திறந்துவிட்டது. நாய் துள்ளியதில் கயிறு அவர் விரல்களை அறுத்துக்கொண்டு போய்விட்டது. அவர் வாயில் விரல் வைத்து விசிலடித்தார். அதே நேரம் யார்டில் பெட்டிகளை மாற்றிக் கோக்கிற ஷண்டிங் ஆட்கள் நாலு பக்கமும் விசிலடித்துக்கொண்டிருந்தார்கள். அது ஒவ்வொரு விசிலுக்கும் ஓடி, நின்று, மறுபடி ஓடியதைச் செண்பகம் பார்த்தாள். குறுக்கே ஒரு சரக்கு வண்டி வந்தது. அது போன பிறகு நாயைக் காணவில்லை.

“அடிபட்டுதா?”

“ரத்தம் ஒண்ணும் காணம். எங்கியோ ஓடிப் பூட்டுது.”

சாயங்காலம் வரை தேடினார்கள். ஷெட்டு கேட் பக்கம் போகவே இல்லை. அடுத்த இரண்டு ஞாயிறும் வந்து தேடினார்கள். தண்ணீர்த் தொட்டியண்டை சாம்பல் நாய் ஒன்று திரிந்ததாக ஒரு போர்ட்டர் சொன்னார். அவ்வளவுதான் தகவல்.

மறு வருஷம் செண்பகம் இன்னொரு குட்டியைக் கொண்டுவந்தாள். அது அவர் விரலைச் சப்பியது. சற்று நேரம் விட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

“கொண்டுபோயி வுட்டுடு. இதுவும் என்னை நம்பும்.”

பிறகு அவளுடனேயே மண்டிக்குப் போக ஆரம்பித்தார். பெண்கள் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். 1947-இல் காய்ச்சலில் படுக்கும் வரை அங்கேதான் மல்லாட்டை உரித்தார். அவர் உரித்த பருப்பில் ஓடு நிறையக் கலந்திருக்கும். அவருக்குத் தெரியாமல் செண்பகம் அதைத் தன் முறத்தில் கொட்டிப் பொறுக்கிவிட்டுத்தான் குவியலில் சேர்ப்பாள்.